ஐஈஎல்டிஎஸ் கட்டுரையில் ஆதாரத்துக்கு எங்கே போவது?

வணக்கம் நண்பர்களே. ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதியவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் கொஞ்சம் உதவுங்கள்.

தங்கை அடுத்த மாதம் தேர்வு எழுதுகிறாள். ரைட்டிங் டாஸ்க் 2, அதாவது கட்டுரைப் பகுதிதான் இடிக்கிறது. 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொற்கள்; புரட்டிப் பார்க்கப் புத்தகமும் கிடையாது, இணையமும் கிடையாது. அதனால் 'சமூக ஊடகம் இளைஞர்கள் எல்லோரையும் கெடுத்துவிட்டது' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறாள். ஏன், எப்படி என்று ஒரு வரி இல்லை. பயிற்சி மையத்தில் சொல்லும் வைத்தியம் அதைவிட மோசம்: ஏதோ ஒரு பல்கலைக்கழக ஆய்வு, ஏதோ ஒரு சதவீதம் என்று கற்பனையாகச் சேர்த்துக்கொள், யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்கிறார்களாம். எனக்கு ஒப்பவில்லை. வினாத்தாள் கேட்பது காரணங்களையும், சொந்த அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ உதாரணங்களையும்தானே?

சரி என்று, 'ஆல்', 'ஆல்வேஸ்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 'மெனி', 'மே', 'டெண்ட் டு' என்று தளர்த்திப் போடச் சொன்னேன். இப்போது வரிக்கு வரி 'மே'. அவள் ஒப்புக்கொள்கிறாளா மறுக்கிறாளா என்றே தெரியவில்லை! 'டு வாட் எக்ஸ்டென்ட்' (எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்) என்று கேட்கும் கேள்விக்குத் தெளிவான நிலைப்பாடு வேண்டுமே.

எந்த வாக்கியத்தை உறுதியாகச் சொல்லலாம், எதைத் தளர்த்த வேண்டும்? ஆன்லைன் விற்பனையால் எங்கள் தெரு மளிகைக் கடைக்கு வியாபாரம் குறைந்ததை உதாரணமாக எழுதினால் போதுமா, அல்லது அது சம்பிரதாயமான ஆங்கிலத்துக்குப் பொருந்தாதா? அப்புறம், யாராவது அவளுடைய ஒரு கட்டுரையைப் படித்துப் பார்த்துச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. கமெண்டில் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.