தாதிமைத் தேர்வு: தினமும் கொஞ்சமா, கடைசி வாரத்துல மொத்தமா?

செந்துல் மலர்
வணக்கம். டிப்ளோமா தாதிமை (நர்சிங்), ரெண்டாம் வருஷம், கோலாலம்பூர். செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். நாலு பாடம், கூடவே ஓஸ்கி, அதாவது செய்முறைத் தேர்வு. வார்டு போஸ்டிங்கும் நடுவுல ஓடுது: காலை 7–2, மத்தியானம் 2–9, நைட்டும் வரும். வகுப்புல பாதிப் பேர் தினமும் படிக்கணும்கிறாங்க. மீதிப் பேர், இப்போ படிச்சா எப்படியும் மறந்துடும், கடைசி வாரம் உட்கார்ந்தா போதும்கிறாங்க. தினமும்னா எவ்வளவு நேரம், அந்த நேரத்துல என்ன செய்யணும்? விவரமா சொல்லுங்க.

ஜெலுத்தோங் வார்டு
மறந்துடும்கிறது நிஜம் தங்கச்சி. ஒரு தடவை படிச்சு விட்டது எவ்வளவு வேகமா போகுதுன்னு எபிங்ஹாஸ்ங்கிற உளவியலாளர் 1885லேயே அளந்து எழுதிட்டார். ஆனா அதுக்கு மருந்து தள்ளிப் போடுறது இல்ல, போறதுக்குள்ள திரும்ப எடுக்கிறது. 2006ல ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு உளவியலாளர்கள் செஞ்ச சோதனையைப் பாருங்க. திரும்பத் திரும்ப வாசிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ முன்னாடி நின்னாங்க. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்போ, புத்தகத்தை மூடிட்டு நினைவுல இருந்து எழுதிப் பார்த்தவங்கதான் முன்னாடி. கடைசி நேரப் படிப்பு நல்லா ஏறின மாதிரி தோணுறதுக்குக் காரணமே அந்த அஞ்சு நிமிஷம்தான்.

அதனால தினம் 40 நிமிஷம் போதும். முதல் 10 நிமிஷம் வெள்ளைத்தாள் எடுத்து, நேத்து படிச்சதைப் பார்க்காம எழுதுங்க. உதாரணத்துக்கு இதயச் செயலிழப்பு: இடது பக்கம் தளர்ந்தா ரத்தம் எங்க தேங்கும்? நுரையீரல்ல. அப்போ மூச்சுத் திணறல், படுக்க முடியாம உட்கார்ந்தே இருப்பாங்க. வலது பக்கம்னா உடம்புல தேங்கும்: கழுத்து ரத்தக்குழாய் புடைக்கும், கால் வீங்கும். இதைப் படமா போட முடிஞ்சா அறிகுறியைத் தனியா மனப்பாடம் பண்ணவே தேவையில்ல. எழுத வராத இடத்தை சிவப்புல குறிங்க, அதை மட்டும் புத்தகத்துல பாருங்க. அடுத்த 20 நிமிஷம் புதுசு. கடைசி 10 நிமிஷம் நீங்களே அஞ்சு கேள்வி எழுதி வச்சுக்குங்க, அதுதான் நாளைக்கு முதல் வேலை. அதே கேள்விங்க மூணாம் நாள், ஏழாம் நாள், மூணு வாரம் கழிச்சு திரும்ப வரணும்.

மத்தியான ஷிப்ட் முடிஞ்சு வர்ற அன்னைக்கு 15 நிமிஷம், பழைய கேள்வி மட்டும். நைட் முடிஞ்ச காலையில புத்தகமே வேண்டாம், தூங்குங்க. படிச்சது தங்குறது தூக்கத்துலதான்.

புக்கிட் மெர்த்தாஜாம் வாசி
எல்லாத்தையும் தினமும் படிக்கணும்னு இல்ல. நார்மல் ரேஞ்ச் மாதிரி வெறும் எண்களைக் கடைசி ரெண்டு நாள்ல ஏத்தலாம்: சோடியம் 135–145, பொட்டாசியம் 3.5–5.0, நினைவு நிலையை அளக்கிற கிளாஸ்கோ கோமா ஸ்கேல்ல முழு மார்க் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. அங்க கடைசி நேரம் எடுபடும்.

எடுபடாதது மருந்து. கடைசி நேரத்துல ஃப்ரூசமைடை (நீர் பிரிக்கிற மருந்து) ஒரு பக்கம், டிகாக்சினை (இதய மருந்து) இன்னொரு பக்கம்னு தனித்தனியா படிக்கிறாங்க. கேள்வி ரெண்டையும் சேர்த்து வரும்: ரெண்டும் எடுக்கிற நோயாளி, பொட்டாசியம் 3.0, குமட்டல், எல்லாம் மஞ்சளா தெரியுதுன்னு சொல்றார். ஃப்ரூசமைடு பொட்டாசியத்தை வெளியேத்தும், பொட்டாசியம் குறைஞ்சா டிகாக்சின் விஷமாகும். இந்த முடிச்சு தெரியாட்டி ரெண்டு பக்கமும் ஒப்பிச்சாலும் விடை வராது. அதனால மருந்து அட்டை எழுதும்போது, ‘கொடுக்கறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்’, ‘எதோட சேர்ந்தா ஆபத்து’ன்னு ரெண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். டிகாக்சின்னா, நெஞ்சுல ஸ்டெத் வச்சு முழுசா ஒரு நிமிஷம் நாடி எண்ணணும். பெரியவங்களுக்கு 60க்குக் கீழ இருந்தா கொடுக்காம நிறுத்தி டாக்டருக்குச் சொல்லணும்.

டிரிப் கணக்கும் அப்படித்தான், தினம் ரெண்டு போடுங்க. 500 மில்லி, 4 மணி நேரம், செட் மில்லிக்கு 20 சொட்டு: 500 × 20 ÷ 240 = 41.67, அதாவது நிமிஷத்துக்கு 42. மணியை நிமிஷமா மாத்த மறந்தா 2500 வரும். பதட்டத்துல அதையும் அப்படியே எழுதிட்டு வர்றவங்க உண்டு. 42 சொட்டுன்னா கண்ணால எண்ண முடியுமா, முடியும். 2500? விடை வந்ததும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்க. மில்லிக்கு 60 சொட்டு விழற மைக்ரோ செட்ல மணிக்கு எத்தனை மில்லியோ அதுவே நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு, கணக்கே வேண்டாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா
ஓஸ்கியை யாரும் தொடலையே. அது கை வேலைம்மா, ராத்திரி வாசிச்சா கைக்கு இறங்காது. வாரம் மூணு நாள், 15 நிமிஷம், ஜோடியா. ஒருத்தர் வாயால சொல்லிக்கிட்டே செய்யணும், இன்னொருத்தர் செக்லிஸ்ட் பிடிக்கணும், நடுவுல திருத்தக் கூடாது. டிரெஸ்ஸிங்ல மார்க் போற இடம் எப்பவும் ஒண்ணுதான்: ஸ்டெரைல் துணிக்கு மேலேயே கையை நீட்டி எதையாவது எடுக்கிறது. விளிம்புல 2.5 சென்டிமீட்டர் சுத்தமில்லாத பகுதின்னு வச்சுக்கணும், பொருளை அங்க வைக்கக் கூடாது. கை கழுவுறது, நோயாளி பேரைக் கைப்பட்டையோட சரிபார்க்கிறது, காலாவதி தேதியை வாய்விட்டு வாசிக்கிறது, மூணையும் பயிற்சியிலேயே விடாம செஞ்சாத்தான் அங்க தானா வரும்.

இன்னொண்ணு. வார்டுல நோயாளி மலாய்ல ‘சாக்கிட் டாடா’ன்னுவார், தேர்வுத் தாள்ல ‘செஸ்ட் பெயின்’னு இருக்கும், நாம யோசிக்கிறது நெஞ்சு வலின்னு. தமிழ்லயே புரிஞ்சுக்குங்க, தப்பில்ல. ஆனா எழுதிப் பார்க்கிறது தேர்வு மொழியில இருக்கட்டும்.

படிப்பு முடிஞ்சதும் லெம்பாகா ஜூருராவாட் (தாதியர் வாரியம்) தேர்வு இருக்கு, அதுல தேறினாத்தான் பதிவு. முதல் வருஷ உடலியலும் அதுக்கு வேணும். இப்போ மனசுல இருந்து எழுதிப் பார்க்கிறது அங்கேயும் உதவும்.

செந்துல் மலர்
ரொம்ப நன்றிக்கா, எல்லாருக்கும். என் தோழிக்கு வேற கல்லூரி, ஒன்பது நாள்தான் இருக்கு, இன்னும் தொடவே இல்ல. அவளுக்கு?

ஜெலுத்தோங் வார்டு
ஏழு நாள் புதுசு, ரெண்டு நாள் திரும்ப எடுக்கிறது. எல்லாப் பாடத்தையும் முடிக்கப் பார்க்க வேண்டாம். பழைய தாள் மூணு எடுத்து, திரும்பத் திரும்ப வர்ற தலைப்புங்களை முதல்ல. தினம் ரெண்டு தலைப்பு, ஒவ்வொண்ணும் படிச்சு, மூடி, எழுதி, மறுநாள் காலையில ஒரு தடவை எழுதிப் பார்க்கணும். மாமாக் கடையில ராத்திரி 10 மணிக்குக் காப்பி வேண்டாம்னு சொல்லுங்க. அந்த காஃபீன்ல ஏறக்குறைய பாதி விடியக்காலை 3 மணிக்கும் உடம்புலதான் இருக்கும். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் நார்மல் ரேஞ்ச் எண்கள் எழுதின தாளை மட்டும் பார்த்துட்டு 11 மணிக்குப் படுத்துடட்டும்.