வெயிலில் நின்றுவிடும் மொரிஸ் மைனர்

கேள்வி (உப்புவெளி):
அப்பா விட்டுச்சென்ற 1963ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 காரை நானே பராமரித்து ஓட்டுகிறேன். 1098 சிசி இயந்திரம். திருகோணமலை நகருக்குள் சொன்னபடி கேட்கிறது. நண்பகலில் கந்தளாய்ப் பக்கம் போனால் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். கராஜில் கார்பரேட்டரை (பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். அப்பா கைபட்டதைக் கழற்ற மனம் வரவில்லை.

பதில் (மூதூர்):
கழற்றாதீர்கள் தம்பி. நின்றவுடன் சாவியைத் திருப்பிக் காதுகொடுங்கள். எஸ்யூ நிறுவனத்தின் மின்சாரப் பெற்றோல் பம்ப் சில தடவை 'டிக் டிக்' என்று அடித்து அடங்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் அதன் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். விடாமல் அடித்தால் குழாயில் காற்று புகுகிறது, அல்லது பெற்றோல் சூட்டில் ஆவியாகிறது. அப்போது கார்பரேட்டருக்குப் போகும் குழாயில் ஈரத்துணி சுற்றிப் பாருங்கள்.

கேட்டவர்:
சத்தமே இல்லை அண்ணா! முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். நேற்று உச்சிவெயிலில் கந்தளாய்க் குளக்கட்டு வரை நிற்காமல் போய்வந்தேன். அம்மாவும் கூட வந்தார்.

பதில் (நிலாவெளி):
மகிழ்ச்சி. முன்சக்கரத் திருகுமூட்டுகளுக்கு (டிரனியன் எனப்படும், சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் மரையுள்ள மூட்டுகள்) கிறீஸ் அடித்தீர்களா? மரை தேய்ந்தால் ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். இரு பக்கமும் மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் கிறீஸ் அடியுங்கள். கடற்கரையில் நிறுத்தினால் அடிப்பகுதியை அன்றே நன்னீரால் கழுவிவிடுங்கள்.