எம்ஜிஏ காருக்கு ஒரிஜினல் பாட்ஸ் புத்தகம் தேவையா?

ஹட்டன்காரன்:
மாமாவின் எம்ஜிஏ 1600ஐ, அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, கழற்றிப் போட்டிருக்கிறேன். வேர்க்ஷொப் மனுவல் இருக்கிறது. கம்பெனி அச்சடித்த பாட்ஸ் புத்தகத்துக்கோ கொள்ளை விலை சொல்கிறார்கள். அது கட்டாயம் வேணுமா?

பண்டாரவளை கராஜ்:
வேணும் தம்பி. மனுவல் கழற்றிப் பூட்டும் விதத்தைச் சொல்லும், ஆனால் எந்த வொஷர் எந்த போல்ட்டுக்கு என்று படம் போட்டு இலக்கத்தோடு காட்டுவது பாட்ஸ் புத்தகம்தான், எந்த சசி இலக்கத்திலிருந்து (காரின் சட்டத்துக்குரிய தொடர் இலக்கம்) எந்தச் சாமான் மாறியது என்பதும் அதில்தான் இருக்கும். 1955இல் வந்த 1500க்கு முன்சில்லில் ட்ரம் பிரேக், 1959இல் வந்த 1600க்கு டிஸ்க். வெறுமனே "எம்ஜிஏ பிரேக் சாமான்" என்று ஓடர் பண்ணினால் காசு போச்சு.

கண்டி வாசி:
பழைய பதிப்பென்றால் சில இலக்கங்கள் பிறகு மாறியிருக்கும், கவனம். இன்னொன்று, நம்ம பக்கத்துக் கார்களில் எஞ்சின் மாற்றாதது அபூர்வம். சசி இலக்கத்தை மட்டும் நம்பாமல் எஞ்சின் இலக்கம் அடித்த தட்டையும் பாருங்கள். 1600 என்றால் 1588 சிசி, அதற்குப் பிறகு வந்த 1600 மார்க் 2 என்றால் 1622.

ஹட்டன்காரன்:
சரி அண்ணே, தட்டில் ஒரே பெயின்ட். சுரண்டிவிட்டுப் படம் போடுகிறேன்.