பெரு டூரின் கடைசி நாட்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஜன்னலோரம்

மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரம் மச்சு பிச்சு முடிந்து குஸ்கோ நகரத்துக்கு வந்தாயிற்று, மறுநாள் தலைநகர் லிமாவுக்கு விமானம். புனிதப் பள்ளத்தாக்கு, ரயில், ஜிக்ஜாக் பஸ் எல்லாம் இங்கே எல்லோரும் பார்த்ததுதான், அதை விடுங்கள். கிளம்பும் காலையில் டூர் மேனேஜர் இரண்டு கவர் சுற்றவிட்டார். ஒன்று கைடுக்கு, ஒன்று டிரைவருக்கு. டாலராகவே போடுங்கள் என்றார்.

கைடு கவரை வாங்கி, பார்க்காமலே கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். டிரைவர் ஹோட்டல் வாசலில், எங்கள் அத்தனை பேர் முன்னாலும் கவரைப் பிரித்தார். ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஓரம் கிழிந்த டாலரை அந்த நாட்டில் கடைக்காரரும் வாங்கமாட்டார், பணம் மாற்றுபவரும் வாங்கமாட்டார். எங்கள் குழுவில் அது எல்லோருக்கும் தெரியும். லிமாவில் இறங்கிய நாளிலிருந்து கடைகடையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நோட்டுகள்தான் கவருக்குள் போயிருக்கின்றன.

டிரைவர் கிழிந்ததையெல்லாம் தனியே எடுத்து, அடுக்கி, மடிப்பு நீவி, மேனேஜரிடம் இரண்டு கையாலும் நீட்டினார். "க்ராசியாஸ்", நன்றி என்று ஒரு வார்த்தை. அப்புறம் பெட்டிகளை ஏற்றப் போய்விட்டார். மேனேஜர் தன் பர்ஸிலிருந்து பெரு நாட்டுக் காசான சோல் நோட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். எங்கள் ஆட்கள் ஒருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. செல்லாது என்று தெரிந்தே போட்டவர்கள், அந்த மனிதர் கையில்தான் அத்தனை மலைப்பாதையிலும் உயிரைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை

டாலரில் டிப்ஸ் கொடுப்பதே தப்பு என்பேன். அந்த ஊர்க் காசு சோல். டாலரைக் கொடுத்தால் அவர் வேலை மெனக்கெட்டுப் போய் மாற்ற வேண்டும், அதில் கொஞ்சம் போய்விடும்.

போகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கள்ள டாலர் அச்சடிப்பதில் பெருவுக்குக் கெட்ட பேர் உண்டு, அதனால் அங்கே எல்லோரும் எல்லா நோட்டையும் அப்படித்தான் பார்ப்பார்கள். நீங்களும் பார்த்து வாங்குங்கள். சோலிலும் கள்ள நோட்டு உண்டு. இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே கிழிசல், கறை, பேனாக் கிறுக்கல் இல்லாத டாலராகக் கேட்டு வாங்குங்கள். ஏ.டி.எம்.மில் எடுத்தால் 100 சோல் நோட்டாக வந்து விழும், அதைப் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கொடுத்து உடைத்து வையுங்கள். கடைசி இரண்டு நாளுக்கு 10, 20 சோல் நோட்டும் நாணயமும் கையில் கட்டாயம் வேண்டும். மிச்சத்தை விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருக்காதீர்கள், நியாயமான விலை கிடைக்காது. டிப்ஸுக்குத் தனிக் கவர் முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள்.

என் சம்பவம்: லிமாவின் மிராஃப்ளோரெஸ் பகுதியில் கடைசி சாயங்காலம். டாக்சிக்காரரிடம் 200 சோல் நோட்டை நீட்டினேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். அவ்வளவுதான்.

மழைக்கோட்டு

2024 ஜனவரி. மச்சு பிச்சு டிக்கெட் விற்பனையைத் தனியார் கையில் கொடுத்ததை எதிர்த்து ஊர்க்காரர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் மேலே பார்த்துவிட்டு இறங்கி, அடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியென்டெஸில் மாட்டிக்கொண்டோம். அந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது, தெரியும்தானே. ரயில் இல்லையென்றால் தண்டவாளத்தை ஒட்டியே பத்து கிலோமீட்டருக்கு மேல் ஹிட்ரோஎலெக்ட்ரிகா என்ற இடம் வரை நடை, அங்கிருந்து வேனில் ஆறேழு மணி நேரம் குஸ்கோவுக்கு. மறுநாள் இரவு லிமாவிலிருந்து எங்கள் விமானம்.

குழு இரண்டாகப் பிளந்தது. நடப்போம் என்று ஒரு கட்சி, அரசாங்கம் எப்படியும் ரயில் விடும் என்று ஒரு கட்சி. பதினைந்து நாள் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடக்கிற கட்சியில் சேர்ந்தேன். நல்ல மழை.

ஊர் எல்லையில் போராட்டக்காரர்கள் பாதையை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கட்டைக்கும் சரளைக்கும் நடுவே கால் வைக்கத் தடுமாறினார். கூட்டத்தில் அதிகமாகக் கத்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்தார். அம்மாவின் கையைப் பிடித்தார், இடுப்பில் ஒரு கை கொடுத்தார், தண்டவாளத்தைத் தாண்டவைத்தார். எங்கள் பிளாஸ்டிக் மழைக்கோட்டின் தொப்பியை அம்மா தலைக்கு இழுத்துவிட்டார். பிறகு திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கோஷத்தைத் தொடர்ந்தார். எங்களை அங்கே சிக்கவைத்ததும் அவர்தான், தாண்டவைத்ததும் அவர்தான். நான் யார்மேல் கோபப்படுவது?

ஏழாவது சீட்

கணக்குப்பிள்ளை சார், ஜன்னலோரம் சொன்னது சோலா டாலரா என்ற விஷயமே இல்லை. டாலர் போடச் சொன்னது மேனேஜர். கிழிந்ததைப் போடச் சொன்னது யாருமில்லை. கடையில் செல்லாததை உண்டியலில் போடுகிற புத்தி அது. நீங்கள் அதை நாணய மாற்று வகுப்பு ஆக்கிவிட்டீர்கள்.

எங்கள் குழுவில் கவரே வேண்டாம், அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவோம் என்று முடிவு பண்ணினார்கள். அது இன்னும் மோசம். கடைசி நாள் பஸ் நின்றதும் டிரைவர் முன்படிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஐந்தாறு பேருக்கு அந்த நிமிஷம் பார்த்துப் போன் வந்தது. காதில் வைத்துக்கொண்டே அவரைத் தாண்டி இறங்கினார்கள். அதில் ஒருவருக்குப் போன் நிஜமாகவே அடித்தது, காதில் இருக்கும்போதே.

ஜன்னலோரம்

ஏழாவது சீட், சரியாகச் சொன்னீர்கள்.

அந்த நோட்டுகளை மேனேஜர் படம் எடுத்து எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டார், உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் சூரிய உதயப் படத்துடன் காலை வணக்கம் அனுப்பினார். அவருக்கு எல்லோரும் பதில் வணக்கம் போட்டார்கள்.

தேயிலைத்தோட்டம்

எங்கள் கதை லிமாவில். விமான நிலையத்துக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது, கோகா (கொக்கெய்ன் எடுக்கும் செடி) தேநீர்ப் பை, கோகா மிட்டாய், இலை எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது என்று மேனேஜர் அறிவித்தார். பெருவில் தாராளமாக விற்கிற பொருள், வெளிநாட்டில் இறங்கினால் போதைப்பொருள் சட்டத்தில் வரும். ஹோட்டல் லாபியிலேயே எல்லோரும் பெட்டியைத் திறந்துபோட்டார்கள். மேசை நிறையப் பச்சைப் பெட்டிகள். ஒருவர் ஆபீஸ் முழுவதற்கும் மிட்டாய் வாங்கியிருந்தார்.

எங்களோடு வந்த ஒரு பாட்டிக்குக் காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. ரிசப்ஷனில் வெந்நீர் கேட்டு வாங்கினார். பெரிய கோப்பையில் நாலைந்து பையாகப் போட்டு, ஊதி ஊதிக் குடித்தார். முடிந்ததும் அடுத்த கோப்பை. பேத்தி "போதும் பாட்டி" என்று கெஞ்சினாள். "உன் தாத்தா காசு" என்றார் பாட்டி. விமானத்தில் அவர் எனக்கு அடுத்த இருக்கை. அட்லாண்டிக் முழுக்க விழித்திருந்து தன் கல்யாணக் கதையைச் சொன்னார், அதில் பாதி இன்னும் எனக்கு மனப்பாடம்.

கணக்குப்பிள்ளை

உயரத்தில் வரும் தலைவலிக்குக் கோகா தேநீர் போதும் என்று நம்பி மலையேறுவது சரியில்லை. குஸ்கோ கிட்டத்தட்ட 3,400 மீட்டர் உயரம். லிமாவோ கடல்மட்டம். விமானத்தில் ஒரே தாவலாகப் போய் இறங்கினால் தலைவலி, வாந்தி வரத்தான் செய்யும். இறங்கியதும் நேரே புனிதப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுங்கள், அங்கே இருக்கும் ஒய்யாந்தாய்தாம்போ ஊர் சுமார் 2,800 மீட்டர்தான். அங்கே தங்கி, மச்சு பிச்சு பார்த்துவிட்டு, குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, மது கூடாது, வெந்நீர்க் குளியல் நீட்டக் கூடாது. வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல், அதை ஆரம்பத்திலேயே போடும் டூர்காரரிடம் போகாதீர்கள். மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

தேயிலைத்தோட்டம்

சார், எங்களில் யாருக்கும் தலைவலி வரவில்லை. பாட்டி உட்கார்ந்து குடித்தது லிமாவில்.