ஆறு முறை கைதான பெரியவர்: போலீஸோடு சேர்ந்து வேலை செய்யலாமா?

நடைபாதைத் தோழன்:

வீடில்லாமல் தெருவில் தங்குபவர்களைத் தேடிப் போய்ப் பேசும் சிறு தன்னார்வக் குழுவில் எட்டு மாதமாக இருக்கிறேன். எங்களுக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர். அறுபதை நெருங்குகிறார். இந்த எட்டு மாதத்தில் ஆறு முறை பிடிபட்டுவிட்டார். பூட்டிய கட்டடத்தின் வாசலில் படுத்ததற்காக மூன்று முறை, கடையில் போர்வை எடுத்ததற்காக ஒரு முறை. மீதி இரண்டு முறை அவர் புதிதாக எதுவும் செய்யவில்லை. பழைய வழக்கின் வாய்தாவுக்குப் போகவில்லை என்று வாரண்ட். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அவருடைய பை தொலைந்திருக்கும். அடையாள அட்டை, மாத்திரை எல்லாம் அதில்தான்.

இப்போது ஒரு போலீஸ் அதிகாரி, சின்ன வழக்கில் சிக்குகிறவர்களை லாக்கப்புக்குப் பதிலாக உங்களிடம் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். குழுவில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். போலீஸோடு நம்மைப் பார்த்தால் தெருவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அவர்கள் பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் ஏழாவது முறையும் அவரை லாக்கப்பில் போய்ப் பார்க்க என்னால் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரவுச்சுற்று:

பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன் தம்பி. சேருங்கள், ஆனால் எல்லையை முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு சேருங்கள்.

அமெரிக்காவின் சியாட்டிலில் 2011-இல் லீட் என்ற திட்டம் தொடங்கியது. போதைப்பொருள், பாலியல் தொழில் தொடர்பான சின்னக் குற்றங்களில் பிடிபடுபவரைச் சிறைக்கு அனுப்பாமல், போலீஸ்காரரே ஒரு களப்பணியாளரிடம் ஒப்படைக்கலாம். பெரும்பாலோர் வீடில்லாதவர்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 318 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான முறையில் போனவர்களோடு ஒப்பிட்டால், திட்டத்தில் சேர்ந்தவர்கள் மறுபடி கைதாகும் வாய்ப்பு 58 சதவீதம் குறைவு. குடியையோ போதையையோ முதலில் விட்டால்தான் உதவி என்று அங்கே நிபந்தனை போடவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அந்த நிபந்தனை இருந்தது. இரண்டு வாரத்தில் ஆள் நழுவிவிடுவார், அப்புறம் வெட்கப்பட்டு எங்கள் கண்ணிலேயே பட மாட்டார்.

இன்னொன்று, கைதுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒருவர் அடிக்கடி சிக்குகிறார் என்று தெரிந்தால், குற்றம் எதுவும் நடக்காதபோதே போலீஸ்காரர் அவரை அனுப்பிவைக்கலாம். லீட்டிலும் அந்த வழி உண்டு. உங்கள் பெரியவருக்கு அதைத்தான் கேளுங்கள்.

எல்லை என்று சொன்னேனே, அது இதுதான். அவர் உங்களிடம் சொல்வது எதுவும் போலீஸுக்குப் போகாது. கூட்டாக ரோந்து போக மாட்டீர்கள். அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உங்கள் குழுவில் வேண்டாம் என்பவர்கள் சொல்வதே சரி.

சட்டத்துணை:

அந்த இரண்டு வாரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிலையான விலாசமும் போனும் இல்லாதவருக்குத் தேதி நினைவிருக்க வாய்ப்பில்லை. அபராதம் போட்டால் கட்டப் பணமும் இல்லை. இதற்காகவே அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1989-இல் வீடற்றோர் நீதிமன்றம் என்று ஒன்று தொடங்கினார்கள். வீடற்றவர்கள் தங்கும் விடுதிக்கே நீதிபதி வருவார். சிகிச்சைக்குப் போனது, வேலைப் பயிற்சியில் சேர்ந்தது எல்லாம் அபராதத்துக்கு ஈடாகக் கணக்கில் எடுக்கப்படும். உங்கள் பகுதியில் அப்படி இல்லாவிட்டாலும் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, எல்லா வழக்கையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லி மனுப் போடச் சொல்லுங்கள். அடையாள அட்டையின் நகலை நீங்கள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய போர்வை:

நான்கு வருடம் தெருவில் இருந்தேன். இப்போது எனக்கு ஒரு அறை இருக்கிறது.

உதவ வந்தவர்கள் நிறையப் பேர். எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒவ்வொரு வாரமும் புது முகம். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அப்பா எப்போது செத்தார், எப்போதிலிருந்து குடி என்று. ஒரு அம்மா மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தார். ஐந்து மாதம் எதையும் கேட்கவில்லை. கால் புண்ணைப் பார்ப்பார், மருந்து போடுவார், போய்விடுவார். ஆறாவது மாதம் நானாகவே சொன்னேன், அக்கா, என் மேல் வாரண்ட் இருக்கிறது என்று. கோர்ட்டுக்குக் கூட வந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் ஓடாததற்கு அதுதான் காரணம்.

இரவுச்சுற்று:

மேலே எழுதியவருக்கு நன்றி. விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன். படுக்க இடம் கிடைக்கும்வரை வாசலில் படுத்த வழக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அமெரிக்காவின் டென்வர் நகரில் அடிக்கடி கைதாகும் வீடற்றவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வீடும் தொடர் உதவியும் கொடுத்தார்கள். குலுக்கலில் வராதவர்களைவிட இவர்கள் கைதானது 40 சதவீதம் குறைந்தது. மூன்று வருடம் கழித்தும் 77 சதவீதம் பேர் அந்த வீடுகளிலேயே இருந்தார்கள். ஆகவே அந்த அதிகாரியிடம் பேசும்போது அறைக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

நடைபாதைத் தோழன்:

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை விஷயத்தைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். நாங்கள் ஆறு பேர் மாறி மாறித்தான் போய்க்கொண்டிருந்தோம். இனி பெரியவரிடம் நான் ஒருவன்தான் போவேன், வியாழக்கிழமைகளில். எல்லைகளை எழுதி அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறோம், பதிலுக்காகக் காத்திருக்கிறோம். அடுத்த வாய்தா 19-ஆம் தேதி. அவருடைய பை அன்று என் கையில் இருக்கும்.