கனோபிக்குள் செம்மண்: குடும்பக் குழுவில் ஒரு மாலை

கண்ணன், 7:10
[படம்: கெப்பின் பின்பக்கம். அடுப்பு, சாப்பாட்டுப் பெட்டி, போர்வை எல்லாம் ஒரே நிறம்]
வில்பத்து போய் வந்த கோலம் இது. பின்தொட்டிக்கு மேல் பொருத்திய கூடு, அதுதான் கனோபி, அதன் கண்ணாடி எல்லாம் பூட்டித்தான் இருந்தது. பொருத்தித் தந்தவர் தூசியே வராது என்று சொல்லித்தான் காசு வாங்கினார்.

சுதா அக்கா, 7:12
என் போர்வை மாதிரி இருக்கிறதே?

கண்ணன், 7:12
உங்களுடையதுதான் அக்கா 🙈

அம்மா, 7:14
இதற்குள்ளேயா பிள்ளைகள் படுத்தார்கள்?

கண்ணன், 7:15
இல்லை அம்மா, லொட்ஜில் தங்கினோம். மார்கழியில் மன்னாருக்குப் போகும்போதுதான் உள்ளே படுக்க யோசனை. அதற்கு முன் இதை அடைக்க வேண்டும். நாளைக்கு ஹாட்வெயாரில் சிலிக்கன் டியூப் வாங்கிச் சுற்றிவர அடித்துவிடுகிறேன்.

மாமா, 7:16
பொறு தம்பி. டியூப்பைத் தொடாதே.

மாமா, 7:21
தூசி முன்னால் இருந்து வரவில்லை. வாகனம் ஓடும்போது அதற்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். சக்கரம் கிளப்பும் புழுதி அந்த இடத்தில்தான் சுழன்றுகொண்டு நிற்கும். கனோபிக்குள்ளும் அழுத்தம் குறைவதால், பின்பலகையில் எங்கே இடுக்கு இருக்கிறதோ அதன் வழியாகப் புழுதியை உள்ளே உறிஞ்சும். வான்களில் முன் கண்ணாடியைவிடப் பின் கண்ணாடிதான் எப்போதும் சேறாக இருக்கும், கவனித்திருக்கிறாயா? அதே காரணம். நீ சுற்றிவர என்ன பூசினாலும் பின்பக்கம் திறந்திருந்தால் எல்லாம் வீண்.

ரவி அத்தான், 7:23
பின்பலகை சரியாகச் சாத்துகிறதே மாமா, நான் பார்த்தேன்.

மாமா, 7:26
சாத்தும். ஆனால் அது சாமான் விழாமல் இருக்கச் செய்த பலகை, வீட்டுக் கதவு இல்லை. தண்ணீர் வடியட்டும் என்று கொம்பனிக்காரனே இடைவெளி விட்டிருப்பான். கீழே பிணைச்சல் இருக்கிற பக்கம் கையை விட்டுப் பார், விரல் போகும். இரண்டு ஓரத்திலும் அப்படித்தான்.

கண்ணன், 7:27
விரல் போகிறது 😳 அப்போ ஸ்பொஞ் டேப் ஒட்டவா?

மாமா, 7:33
எல்லா ஸ்பொஞ்சும் சரிவராது. ஒரு துண்டைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிழிந்து பார். தண்ணீர் வந்தால் அது குடிக்கிற சாதி, வேண்டாம். கதவுக்குப் போடுகிற ரப்பர் பீடிங்தான் வேண்டும், நடுவில் குழல் வைத்தது. ஈபிடிஎம் ரப்பர் என்று கேள், வெயிலுக்குத் தாங்கும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எடுக்கலாம். ஆனால் அளவு தெரியாமல் போய் நிற்காதே. கோதுமை மா உருண்டையைப் பொலித்தீனில் சுற்றி இடுக்கில் வைத்துப் பலகையைச் சாத்து. திறந்து பார்த்தால் நசுங்கிய தடிப்புதான் இடைவெளி. பீடிங் அதைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும். கூடிவிட்டால் கொளுக்கி விழாது.

சுதா அக்கா, 7:35
மா அம்மாவிடம் வாங்கிக்கொள். எங்கள் வீட்டில் ரொட்டிக்கே இல்லை.

கண்ணன், 7:36
சிலிக்கனில் என்ன பிழை மாமா? எல்லாரும் அதைத்தானே அடிக்கிறார்கள்.

மாமா, 7:42
மலிவான சிலிக்கன் காயும்போது வினாகிரி மணம் வரும். அந்தப் புளிப்பு தகரத்தைத் துருவாக்கும். நியூட்ரல் என்று எழுதியிருப்பது பரவாயில்லை. ஆனாலும் சிலிக்கன் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது, பிறகு வேறு எந்தப் பசையும் ஒட்டாது. திறக்கவே தேவையில்லாத பொருத்துகளுக்கு பொலியூரித்தேன் சீலன்ட் அடி, டிங்கர் பாஸ்மார் பாவிப்பது அதுதான். கனோபியின் அடி விளிம்பு கெப்பில் உட்காருகிற இடத்துக்கு எதையும் பூசாதே. ஒருநாள் கழற்ற வேண்டி வரும். அங்கே ரப்பர் டேப் வைத்துக் கிளாம்பை முறுக்கினால் போதும்.

மாமா, 7:43
தொட்டியின் மூலைகளில் ஓட்டை இருக்கும், அவற்றுக்கு ரப்பர் மூடி போடு. கழுவும்போது கழற்றலாம்.

ரவி அத்தான், 7:46
இவ்வளவு செய்தும் எங்காவது ஒரு இடுக்கு தப்புமே?

மாமா, 7:51
தப்பும். இரவில் உள்ளே பெரிய லைட்டைப் போட்டுவிட்டு வெளியே இருட்டில் நின்று சுற்றிப் பார். வெளிச்சம் கசிகிற இடத்தால் தூசியும் வரும். அதற்கும் மேலே ஒன்று செய்யலாம். கனோபிக் கூரையின் முன்பக்கம் காற்று வாங்க ஒரு வாய் வைத்து, அதில் பில்டர் போடு. ஓடும்போது சுத்தமான காற்று முன்னால் புகுந்து உள்ளே அழுத்தத்தைக் கூட்டும். அப்போது மிச்ச இடுக்குகளால் காற்று வெளியேதான் போகும், புழுதி உள்ளே வராது. என்னைக் கேட்டால் பாதி வேலை இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

சுதா அக்கா, 7:52
மழை பெய்தால் அந்த வாயால் தண்ணீர் வருமே?

மாமா, 7:53
மூடி வை பிள்ளை. மழையில் ஏது புழுதி?

சுதா அக்கா, 7:55
மன்னாருக்கு மார்கழியில் போனால் மழைதான் மாமா. இங்கே வைகாசியில் கொட்டுகிற மாதிரி அங்கே அப்போது வடகீழ்ப் பருவம்.

கண்ணன், 7:56
வங்காலையில் பூநாரை பார்க்க வேண்டுமென்றால் நனையத்தான் வேண்டும்.

மாமா, 8:02
நனைவது நீயாக இருக்கட்டும், மெத்தை வேண்டாம். தண்ணீருக்குச் சோதனை வேறு. ஒருவர் ரோர்ச்சோடு உள்ளே இருக்க, வெளியே இருந்து ஹோஸைக் கீழிருந்து மேலாக மெதுவாகக் கொண்டு போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பிரேக் லைட்டின் ஸ்குரூ, கூரை ராக்கின் போல்ட், இவைதான் வழக்கமான கள்ளர்.

அம்மா, 8:05
எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளே படுத்தால் மூச்சு முட்டாதா அண்ணா?

மாமா, 8:12
இவ்வளவு நேரத்தில் நல்ல கேள்வி இதுதான். அடைப்பு ஓடும்போதுதான். படுக்கும்போது இரண்டு பக்கக் கண்ணாடியும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், நுளம்பு வலை போட்டு. இல்லாவிட்டால் மூச்சு ஈரமே விடியும் முன் கூரையில் இருந்து சொட்டும், கனோபி ஒழுகுகிறது என்று கண்ணன் மறுபடி சிலிக்கன் அடிப்பான். காஸ் அடுப்பை உள்ளே மூட்டவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இன்னொன்று: ஓடும்போது பின் கண்ணாடியைத் திறந்து விட்டால் புழுதி வந்த அதே வழியால் சைலன்சர் புகையும் உள்ளே வரும்.

அம்மா, 8:13
கேட்டாயா கண்ணன்? பேரப்பிள்ளைகள் பின்னால் இருந்து வருவதாகக் கதையே வேண்டாம்.

கண்ணன், 8:14
சரி அம்மா. அவர்கள் முன்சீட்டுக்குப் பின்னால்தான். பின்பக்கம் நிறுத்திய பிறகு படுக்க மட்டும்.

கண்ணன், 8:16
மாமா, ஹோஸ் சோதனையை எங்கே செய்வது? எங்கள் பிளாட்டில் வாகனம் கழுவினால் கமிட்டியில் இருந்து கடிதம் வரும்.

மாமா, 8:18
தெஹிவளைக்குக் கொண்டு வா, ஞாயிறு காலையில். அதற்கு முன் கனோபி பொருத்தியவர் அடித்த பழைய சிலிக்கனைச் சுரண்டி எடுத்துவிடு. அதன் மேல் நான் எதுவும் ஒட்ட மாட்டேன்.

ரவி அத்தான், 8:19
ரோர்ச்சோடு உள்ளே இருப்பது யார்?

சுதா அக்கா, 8:19
நீங்கள்தான்.