பூச்சு வேலைக்கு முன்னாடியே செஞ்சிருக்க வேண்டியது: நீங்க பார்த்த மலேசிய வீடுகள்ல செய்யாம விட்டது எது?

செந்தூல் கொத்தனார்:

ஊஞ்சல் கொக்கி. செகாம்புட்டுல ஒரு ரெண்டு மாடி வீடு, புதுமனை புகுவிழாப் பந்தல்கூடப் பிரிக்கல. காரைக்குடித் தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி எல்லாம் கப்பல்ல வந்து இறங்கியாச்சு. மாட்டக் கொக்கி இல்ல. யாரோ மேல்தளத்துல துளை போட்டு நாலு விரி-போல்ட் அடிச்சு விட்டிருக்காங்க. பாட்டி உட்கார்ந்தாங்க, பேரன் தள்ளினான். கொஞ்ச நேரத்துல பாட்டி மடியில சிமெண்டுத் தூள். அண்ணாந்து பார்த்தா வலது பக்க போல்ட் அரை அங்குலம் கீழே இறங்கி நிக்குது.

தளத்தோட நடுப்பகுதியில அடிப்பக்கம் இழுவையில இருக்கும். மயிரிழை விரிசல் அங்கேதான் விழும். விரி-போல்ட் நிக்கிறது வெறும் உரசல்ல. துளை கொஞ்சம் அகன்றாலே பிடி போச்சு. ஊஞ்சல் பாரம் வேற முன்னும் பின்னும் மாறி மாறி இழுக்குது.

சரியான வேலை இதுதான்: பீம் கம்பி கட்டி முடிச்சதும், கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி, 16 மிமீ ஸ்டெயின்லெஸ் உருட்டுக்கம்பியை 'ப' மாதிரி வளைச்சு, ரெண்டு காலையும் பீமோட முக்கியக் கம்பிக்கு மேல கொக்கி போட்டுக் கட்டணும். முறுக்குக்கம்பியை வளைச்சுக் கொக்கி பண்ணாதீங்க. வளைவுல அது பலவீனமாகும், வெளியே தெரியுற பாகம் துருப்பிடிச்சு சங்கிலியையும் அறுக்கும். சீலிங் எவ்வளவு இறங்குதோ, அதைக் கணக்குப் பண்ணி வளையம் அதுக்குக் கீழே வரணும். தளத்துல வேண்டாம், பீம்லதான். பலகைக்கு முன்னாலும் பின்னாலும் நாலு நாலு அடி காலி இடம் விடுங்க. படுக்கையறை பீம்ல தொட்டில் ஸ்பிரிங்குக்கும் ஒரு கொக்கி போட்டு விட்டா, பிற்பாடு யாரும் மின்விசிறிக் கொக்கியில தொட்டில் கட்ட மாட்டாங்க.

ஏர்கோன் பட்டர்வொர்த்:

கொத்தனார் அண்ணே சொல்றது சரி, ஆனா ஊஞ்சல் எத்தனை வீட்டுல ஆடுது? ஏர்கோன், அதான் ஏசி, இல்லாத வீடு உண்டா?

பிறைங்கிற ஊர்ல ஒரு வீடு. சாமி அறையில முருகன் படத்தைக் கழட்டுனா, பின்னால சுவர் முழுக்கப் பெயிண்ட் கொப்புளம், சட்டத்துல பூஞ்சணம். கூரை ஒழுகுதுன்னு ஓடு மாத்திப் பார்த்தாச்சு, கூரைக்கு ரசாயனமும் அடிச்சாச்சு. கூரைமேல தப்பே இல்ல. மாடி அறை ஏர்கோன் தண்ணிப் பைப் அந்தச் சுவருக்குள்ள இறங்குது, மேல காப்பு நுரை சுத்தல. உள்ளே குளிர்ந்த தண்ணி, வெளியே நம்ம ஊர்ப் புழுக்கம். பைப் வேர்த்து வேர்த்துச் சுவரே ஊறிப்போச்சு.

மறைச்சுப் போடுற பைப்புக்கு என்ன கேக்கணும்னா: தண்ணிப் பைப் 25 மிமீ, முழு நீளத்துக்கும் நுரை, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு. படுக்கைவாட்டுல போற இடத்துல தொய்வு விழுந்தா அங்கே ஜெல்லி மாதிரி அழுக்கு கட்டிக்கும், அதனால ஓட்டத்தோட தலைமாட்டுல சுத்தம் பண்ண மூடி போட்ட ஒரு 'டி' இணைப்பு விடுங்க. முனை ஃப்ளோர் டிராப்புக்கு (தரை வடிகால் வாய்க்கு) மேல இடைவெளி விட்டுச் சொட்டணும். கழிவுப் பைப்புக்குள்ளேயே நேரா சொருகிட்டாங்கன்னா ராத்திரி அறையெல்லாம் நாறும்.

செப்புப் பைப் ரெண்டுக்கும் தனித்தனி நுரை. சுவருக்குள்ள பத்தவெச்ச இணைப்பே இருக்கக்கூடாது. பூசுறதுக்கு முன்னாடி நைட்ரஜன் ஏத்தி, மீட்டரை மாட்டி, ஒரு நாள் முழுக்க முள் இறங்கலைன்னு கண்ணால பார்த்துட்டுத்தான் கொத்தனாரைக் கூப்பிடணும். ஏர்கோன் பிறகு வாங்குறதா இருந்தா ரெண்டு முனையையும் நசுக்கி அடைச்சு வைங்க. திறந்து கிடந்தா சிமெண்டுத் தூள் உள்ளே போய் கம்ப்ரசரையே தின்னுரும்.

வயர்மேன் பிரிக்பீல்ட்ஸ்:

எல்லாத்தையும் மறைச்சுப் போட்டே ஆகணுமா? ஏர்கோன் பைப்பை வெளிச்சுவர்ல டிரங்கிங்ல, அதாவது மூடி போட்ட பிளாஸ்டிக் உறைக்குள்ள விட்டா, கோளாறு வரும்போது மூடியைக் கழட்டிப் பார்க்கலாம். மறைக்க வேண்டியது, பிற்பாடு வயர் இழுக்கக் காலிக் குழாய். செலவும் ஒண்ணும் பெருசா இல்ல.

புக்கிட் ஜாலில்ல ஒரு வீட்டு ஹால்ல தரையிலேர்ந்து கூரைவரைக்கும் பளிங்குச் சுவர். மின்சாரக் கார் வாங்கியாச்சு, டிபி பெட்டியிலேர்ந்து (வீட்டுக்குக் கரண்டைப் பிரிச்சு விடுற பெட்டி) கார் போர்ச்சுக்கு வழி இல்ல. அந்தப் பளிங்குக்குக் குறுக்கே வெள்ளைப் பிளாஸ்டிக் டிரங்கிங் ஓடுது. வர்றவங்க கண்ணெல்லாம் அதுமேலதான்.

காலிக் குழாய் எங்கெங்கேன்னா: டிபியிலேர்ந்து கார் போர்ச்சுக்கு 40 மிமீ. டிபியிலேர்ந்து கூரைக்குள்ள ஒண்ணு, சோலாருக்கு. கேட்டுக்கு ரெண்டு, மோட்டார் கரண்டும் இன்டர்காம் வயரும் ஒரே குழாய்ல போகக்கூடாது. டிவி சுவர்ல மேலேயிருந்து கீழே 50 மிமீ. ஒவ்வொண்ணுக்கும் உள்ளே நைலான் கயிறு விட்டு, ரெண்டு பக்கமும் மூடி போடுங்க. வயரை இழுக்கத் திறக்குற பெட்டி ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டு வளைவுக்கு மேல வேண்டாம். அதுவும் அகல வளைவு, முழங்கை இணைப்பு இல்ல. மூணாவது வளைவுல கயிறு அறுந்தா அந்தக் குழாய் சுவருக்குள்ள செத்த குழாய்.

பூசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை வெச்சுப் படம் எடுத்து வைங்க.

மூணு ஃபேஸ் வேணுமான்னு அடுத்து கேப்பீங்க. கணக்குப் போடுங்க. 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்ப். 3.6 கிலோவாட் ஹீட்டர் ரெண்டு, ரெண்டும் சேர்ந்து 31 ஆம்ப். 63 ஆச்சு. ஒத்தை ஃபேஸ், 63 ஆம்ப் மெயின்னா சாயங்காலம் ஏழு மணிக்குச் சோறு வடிக்க இடமில்ல. அதனால முதல்லயே மூணு ஃபேஸுக்கு எழுதிப் போடுங்க. டிபியில ஆறு காலி இடமாவது விடுங்க, இடிக்குத் தற்காப்பா மின்னெழுச்சித் தடுப்பானும் அங்கேயே. கோலாலம்பூர்ல சாயங்கால இடி எப்படி இருக்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

தஞ்சோங் பூங்கா ஆசாரி:

கொத்தனாருக்கு ஒரு கேள்வி. ஸ்டெயின்லெஸ் கம்பியை இரும்புக் கம்பியோட சேர்த்துக் கட்டினா துருப்பிடிக்காதா? ரெண்டு உலோகம் தொட்டா ஒண்ணு அரிக்கும்னு சொல்வாங்களே.

செந்தூல் கொத்தனார்:

கான்கிரீட்டுக்குள்ள பயமில்ல தம்பி. சிமெண்டோட காரம் ரெண்டையும் காக்கும். உங்க பக்கம் கடல் காத்து, அதனால ஸ்டெயின்லெஸ்ல 304 ரகம் வேண்டாம், 316 ரகம் கேட்டு வாங்குங்க. பளபளன்னு இருக்கிறதெல்லாம் 316 இல்ல, காந்தம் வெச்சுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ரசீதுல எழுதி வாங்குங்க.

சுங்கை பினாங்கு ஓரம்:

2017 நவம்பர் வெள்ளம். கேட்டுல தடுப்புப் பலகை, மணல் மூட்டை எல்லாம் கச்சிதமா அடுக்கியிருந்த வீடு. வெளியே முழங்கால் தண்ணி, உள்ளே தரை காய்ஞ்சு கிடக்கு. அப்போ கீழ் பாத்ரூம் ஃப்ளோர் டிராப்புல களக் களக்னு சத்தம். கறுப்புத் தண்ணி மூடியைத் தூக்கிக்கிட்டு மேலே வருது. தடுப்புப் பலகை இப்போ அதை வெளியே விடாம உள்ளேயே தேக்கி வெக்குது.

தாழ்வான இடத்துல கட்டுறவங்க கழிவுப் பைப் வீட்டை விட்டு வெளியேறுற இடத்துல ஒருவழி வால்வு போடுங்க. மண்ணுக்குள்ள புதைக்காம, மூடி திறந்து கை விடுற மாதிரி தொட்டிக்குள்ள. எண்ணெய்ப் பிசுக்கும் டிஷ்யூவும் சிக்கினா அந்தத் தகடு பாதி திறந்தே நிக்கும். நின்னா வால்வு இருந்தும் இல்லாததும் ஒண்ணுதான். மழைக்காலத்துக்கு முன்னாடி திறந்து கழுவணும்.

இதைவிட முக்கியம்: மாடிக் கழிவுப் பைப் வால்வைத் தாண்டி, தெருப் பக்கமாத்தான் வந்து சேரணும். வால்வுக்கு உள்பக்கம் சேர்த்துட்டா, வெள்ளத்துல தகடு மூடியிருக்கும்போது மாடியில யாராவது குளிச்ச தண்ணி போக வழியில்லாம கீழ்வீட்டு டிராப் வழியாப் பொங்கும். வரைபடத்துல இதை யாரும் பார்க்கிறதில்ல.

கீழ்த்தள பிளக்குகளைத் தரையிலேர்ந்து 1.2 மீட்டருக்கு ஏத்துங்க. கீழ்த்தளத்துக்குத் தனி ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா வெட்டி விடுற சுவிட்ச்), மாடிக்குத் தனி. கீழே நனைஞ்சாலும் மாடியில விளக்கு எரியணும். ஏர்கோன் வெளி யூனிட் தரையில வேண்டாம், சுவர்ல.

கெப்போங் பைப் வேலை:

வெள்ளம் வருசத்துக்கு ஒரு தரம். தண்ணி வெட்டு? கிள்ளான் பள்ளத்தாக்குல அதுதான் அடிக்கடி. செத்தாப்பாக்குல ஒரு வீட்டுல சீலிங்குக்குள்ள ஒரே தொட்டி, ஏறிப் பார்க்க வழியே விடல. மிதவை வால்வு கெட்டு, தொட்டி வழிஞ்சு, பிளாஸ்டர் சீலிங் மொத்தமா சாப்பாட்டு மேசை மேல. தோசை தட்டுல இருக்கு, தட்டு தெரியல.

தொட்டி விசயத்துல கேளுங்க. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர்னு வைங்க. நாலு பேர், ரெண்டு நாள் வெட்டு, 1600 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி ரெண்டு, பக்கத்துல பக்கத்துல, ஒவ்வொண்ணுக்கும் தனி வால்வு. ஒண்ணைக் கழுவும்போது இன்னொண்ணு ஓடும். ரெண்டும் நிறைஞ்சா ரெண்டு டன். அதைக் கூரைச் சட்டத்துல வெக்காதீங்க, பீம் மேல வைங்க, பொறியாளருக்கு முன்னாடியே சொல்லுங்க. தொட்டிக்கு அடியில தட்டு, தட்டுக்கு வடிகால். வழிவுப் பைப் முனை வாசல் பக்கம் கண்ணுல படுற இடத்துல சொட்டணும். பின்பக்கச் சாக்கடைக்குள்ள விட்டா மாசக்கணக்கா வழிஞ்சாலும் பில் வர்றவரைக்கும் தெரியாது. சீலிங்ல 600க்கு 600 மிமீ கதவு, உள்ளே ஒரு விளக்கு, நடக்கப் பலகை.

அழுத்தம்: பத்து மீட்டர் உயரம்தான் ஒரு பார். தொட்டி மாடி ஷவருக்கு ரெண்டு மீட்டர் மேலன்னா 0.2 பார், மழைத்தூவி ஷவர் வாங்கி என்ன பிரயோசனம்? பம்ப் வேணும். பம்ப் தொட்டியிலேர்ந்துதான் இழுக்கணும், தெருப் பைப்புலேர்ந்து நேரா இழுக்கிறது சட்டப்படி தப்பு. பம்புக்குப் பக்கத்துல ஒருவழி வால்வோட ஒரு மாற்றுப் பைப் விடுங்க, கரண்டு போனாலும் தண்ணி தன்னால இறங்கும். சமையல்கட்டுக் குழாய் ஒண்ணு மட்டும் தெருப் பைப்புலேர்ந்து நேரா வரட்டும்.

வயர்மேன் பிரிக்பீல்ட்ஸ்:

மாமா, தொட்டியைப் பத்தி யாருமே கேக்கல. ஆனா அந்த மாற்றுப் பைப் நல்ல யோசனை, பல பேர் விடுறதில்ல.

ஆயர் ஈத்தாம் பிசியோ:

அண்ணன்மார் எல்லாம் குழாயும் கம்பியும் பேசுறீங்க. பாத்ரூம் கதவை யாரும் சொல்லல. ஜெலுத்தோங்ல ஒரு அம்மா, பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்தாச்சு. சக்கரநாற்காலி வாசல் படி ஏறி, ஹாலைத் தாண்டி, பாத்ரூம் வாசல்ல நின்னுபோச்சு. கதவு 700 மிமீ. சட்டமும் கதவுத் தடிப்பும் போக மிச்சம் அறுநூத்துச் சொச்சம். அந்தம்மா அந்த நிலைப்படியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணும் பேசல.

கீழ்த்தளத்துல ஒரு படுக்கையறை, ஒட்டி பாத்ரூம், கதவு 900 மிமீ, வெளிப்பக்கம் திறக்கணும். உள்ளே விழுந்தவங்க கதவுக்குக் குறுக்கே கிடந்தா உள்பக்கம் தள்ள முடியாது. நிலைப்படி மேடு வேண்டாம். தளத்தையே 50 மிமீ இறக்கி ஊத்தச் சொல்லிட்டா, டைல் சரிவை வெச்சே தண்ணியை நிறுத்தலாம். கைப்பிடி வரப்போற இடத்துல ஓட்டைக் கல் வெக்காம முழுக்கல் வெச்சுக் கட்டச் சொல்லுங்க. கைப்பிடியை இப்பவே மாட்ட வேண்டாம், சுவர் தாங்கினா போதும்.

செந்தூல் கொத்தனார்:

மேடு இல்லாத பாத்ரூம்னா நீர்த்தடுப்பு சரியா இருக்கணும்மா, இல்லைன்னா தண்ணி படுக்கையறைத் தரைக்கடியில போகும். பூச்சு சுவர்ல 150 மிமீ ஏறணும், ஷவர் பக்கம் 1.8 மீட்டர். கதவு வாசலைத் தாண்டி வெளியேயும் ஒரு அடி பூசணும். டைல் ஒட்டுறதுக்கு முன்னாடி டிராப்பை அடைச்சு 24 மணி நேரம் தண்ணி கட்டி வைங்க. மாடின்னா கீழே சீலிங் மூடுறதுக்கு முன்னாடி. டைல் ஒட்டின பிறகு கட்டிக் காட்டுறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

வயர்மேன் பிரிக்பீல்ட்ஸ்:

அதே பாத்ரூமுக்கு நானும் ஒண்ணு. ஹீட்டருக்கு 10 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, சட்டம் கேக்கிறதே அதுதான். பல வீட்டுல மொத்த வீட்டுக்கும் ஒரே 100 மில்லிஆம்பை மாட்டிட்டுப் போயிடுறாங்க. அது ஈரக்கையோட நிக்கிற ஆளைக் காப்பாத்தாது. டிபி மூடியைத் திறந்து எண்ணை நீங்களே படிங்க. ஹீட்டர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, பிசியோ அக்கா சொல்ற நாற்காலியில உட்கார்ந்தபடி எட்டுற உயரத்துல.

தஞ்சோங் பூங்கா ஆசாரி:

சமையல்கட்டுல புகை இழுக்கிற ஹூட் பைப்புக்கு பீம்ல துளை போடலாமா?

செந்தூல் கொத்தனார்:

ஊத்தின பிறகு போடவே கூடாது. 150 மிமீ குழாய்த் துண்டைச் சுவர்ல, பீமுக்குக் கீழே, கல் அடுக்கும்போதே வெச்சிருங்க. வெளிப்பக்கம் லேசா சரிவு, இல்லைன்னா மழைத்தண்ணி உள்ளே வந்து அடுப்புல சொட்டும்.